உதுமானியர் முன் இருந்த மூன்று வழிகளும் அக்சுரா எண்ணாத நான்காவதும்

1904-இல் கெய்ரோவிலிருந்து வெளிவந்த ‘துர்க்’ என்ற பத்திரிகையில் ஒரு தொடர்கட்டுரை வந்தது. எழுதியவர் யூசுஃப் அக்சுரா. அப்போது அவருக்கு 27 வயது. ரஷ்யாவின் சிம்பிர்ஸ்க் நகரில் பிறந்த தாத்தாரியர். இஸ்தான்புல் ராணுவக் கல்லூரியில் படித்தவர். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அரசு அவரை லிபியாவின் திரிப்போலிக்கு நாடு கடத்தியது. அங்கிருந்து தப்பிப் பாரிஸுக்குப் போய் அரசியல் படித்தார். கட்டுரைக்கு அவர் வைத்த பெயர் ‘மூன்று வகை அரசியல்’.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இஸ்தான்புல்லைத் தலைநகராகக் கொண்டு, பல மதங்களும் பல மொழிகளும் சேர்ந்து வாழும் உதுமானியப் (ஒட்டோமான்) பேரரசு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வருகிறது. இனி அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்? வழிகள் மூன்று என்றார். மதம் பார்க்காமல் எல்லாக் குடிகளையும் ‘உதுமானியர்’ என்ற ஒரே மக்களாக ஆக்குவது முதல் வழி. முஸ்லிம்களை, அவர்களின் தலைவரான கலீஃபாவின் பின்னால் திரட்டுவது இரண்டாவது. துருக்கிய இனத்தை அடித்தளமாக்கி அரசைக் கட்டுவது மூன்றாவது. முதல் வழியை வீண் உழைப்பு என்று ஒதுக்கிவிட்டார். மற்ற இரண்டில் எது மேல் என்பதை முடிக்காமல், கேள்வியாகவே வாசகர் முன் வைத்து நிறுத்தினார். அவர் மனம் மூன்றாவது பக்கம் சாய்ந்திருந்தது என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு வழியையும் அவர் உரசிப் பார்த்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. இதனால் என்ன பயன்? இது நடக்கக் கூடியதா? நாட்டுக்குள் யார் எதிர்ப்பார்கள், வெளியே எந்த வல்லரசு எதிர்க்கும்? உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் பார்க்கிறார். ஆனால் அவருடைய உரைகல் பெரும்பாலும் அரசின் வலிமைதான். ஆளப்படுகிறவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வியை வைத்து அதே வழிகளை மறுபடி எடைபோட்டால் வரிசை மாறிவிடும் என்று நினைக்கிறேன். அவர் பட்டியலில் சேர்க்காத நான்காவது வழி ஒன்றும் அப்போதே பாரிஸில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. என் தேர்வு, அவர் தள்ளிவிட்ட முதலாவதும் அவர் எண்ணாத நான்காவதும் சேர்ந்த ஒன்று. காரணங்களைப் பார்ப்போம்.

முதலில், யாருக்காக இந்தத் தேர்வு என்பது தெரிய வேண்டும். அன்றைய சலோனிக்கா நகரில் (இன்று கிரேக்கத்தின் தெசலோனிக்கி) மற்ற எவரையும்விட யூதர்களே அதிகமாக இருந்தார்கள். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழிவந்த அவர்கள், நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டில் பழைய ஸ்பானிய மொழியைப் பேசினார்கள். அல்பேனியர்களில் முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள், கிரேக்க மரபுக் கிறிஸ்தவர்கள் என்று மூன்று வகையும் உண்டு. இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் நடுவில் கரமன்லிகள் என்ற கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பேசுவது துருக்கி மொழி, எழுதுவது கிரேக்க எழுத்தில். ஆர்மீனியர் பலரும் துருக்கி மொழியை ஆர்மீனிய எழுத்தில் எழுதினார்கள், அச்சிட்டார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வியை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. மதத்துக்கு ஒரு கோடு, மொழிக்கு ஒரு கோடு, இனத்துக்கு ஒரு கோடு போட்டால் மூன்றும் மூன்று திசையில் போகும். எந்தக் கோட்டை நாட்டின் எல்லையாக வைத்தாலும் மற்ற இரண்டும் வீடுகளுக்கு நடுவே ஓடும்.

பழைய ஏற்பாடு

அக்சுராவின் மூன்று வழிகளுக்கும் முன்னால் ஒன்று இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் நீதிபதியாக இருந்த கினாலிஸாதே அலி, தன் அறநூலில் அதை ஒரு வட்டமாக எழுதிவைத்தார். படையில்லாமல் ஆட்சி இல்லை. செல்வம் இல்லாமல் படை இல்லை. குடிகள் இல்லாமல் செல்வம் இல்லை. நீதி இல்லாமல் குடிகள் இல்லை. நீதியைக் காப்பது ஆட்சி. இப்படித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் இந்த நீதி வட்டம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. பாரசீக, அரபு மரபில் நெடுங்காலம் புழங்கியது. ‘வரப்புயர நீர் உயரும்’ என்று தொடங்கிக் கோன் உயர்வதில் முடியும் ஔவையின் வாக்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சிந்தனை உடனே பிடிபடும்.

ஆனால் அந்த வட்டத்தில் நீதி என்றால் சமத்துவம் என்று பொருளில்லை. வாளெடுத்தவர், எழுதுகோல் எடுத்தவர், வணிகர், உழவர் எல்லோரும் அவரவர் இடத்தில் இருப்பதே நீதி. கிறிஸ்தவரும் யூதரும் ஜிஸ்யா வரி கட்டினார்கள். பதிலுக்கு உயிருக்கும் வழிபாட்டுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. திருமணம், வாரிசுரிமை எல்லாம் அவரவர் சமயத் தலைவர்களின் கையில். கான்ஸ்தாந்திநோபிளை 1453-இல் வென்ற இரண்டாம் மெஹ்மத், அடுத்த ஆண்டே கென்னாதியோஸ் என்ற துறவியை கிரேக்கத் திருச்சபையின் தலைவராக அமர்த்தினார். அன்றைய ஐரோப்பாவோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய இடம்தான். ஸ்பெயின் யூதர்கள் ஓடிவந்தது இங்கேதானே. ஆனாலும் இது கீழே இருக்கச் சம்மதிப்பவருக்குக் கிடைத்த இடம். 1804-இல் செர்பியர்களும் 1821-இல் கிரேக்கர்களும் எழுந்தபோது, அந்தச் சம்மதம் முடிந்துவிட்டது என்று தெரிந்துபோனது. பழையபடி இருப்போம் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஒரு தேர்வாகவே இல்லை.

உதுமானியர் என்ற பெயர்

1839 நவம்பர் 3. இஸ்தான்புல் அரண்மனையை ஒட்டிய குல்ஹானே ரோஜாத் தோட்டத்தில், அமைச்சர் முஸ்தஃபா ரெஷீத் பாஷா ஓர் ஆணையைப் படித்தார். அரியணையில் இருந்த அப்துல் மஜீதுக்கு வயது 16. குடிகளின் உயிர், மானம், சொத்து ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. வரியும் படைச் சேவையும் முறைப்படி இருக்கும். இவை முஸ்லிம்களுக்கும் மற்றச் சமூகத்தாருக்கும் பொது. 1856-இல் வந்த ஆணை இன்னும் மேலே போய், அரசுப் பணியும் பள்ளியும் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்றது, ஒருவருடைய மதத்தையோ மொழியையோ இழிவாகக் குறிக்கும் சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கியது. 1869-இன் குடியுரிமைச் சட்டம், மதம் எதுவானாலும் பேரரசில் வாழ்பவர் உதுமானியரே என்றது.

1856 ஆணை வந்த அன்று மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அரசியலாளரும் வரலாற்றாசிரியருமான அஹ்மத் ஜெவ்தத் பாஷா குறித்துவைத்திருக்கிறார். நம் முன்னோர் இரத்தம் சிந்திப் பெற்ற உரிமை இன்று போனது என்று முஸ்லிம்கள் பலர் புலம்பினார்களாம். இது எதிர்பார்க்கக்கூடியதுதான். அடுத்து அவர் எழுதுவதுதான் கவனிக்க வேண்டியது. கிரேக்கர்களில் சிலர், அரசு எங்களை யூதர்களோடு ஒன்றாக வைத்துவிட்டது, முஸ்லிம்கள் மேலே இருந்ததை நாங்கள் பொறுத்துக்கொண்டோம், இதைப் பொறுக்க முடியவில்லை என்றார்களாம். படிக்கட்டில் நடுப்படியில் நிற்பவருக்கும் இழக்க ஏதோ இருக்கிறது. சமத்துவத்தை முஸ்லிம்கள் மட்டும்தான் எதிர்த்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் குறிப்புதான் நினைவுக்கு வரும்.

உதுமானியம் மேலிருந்து வந்த ஆணை மட்டுமே என்பது இன்னொரு தவறான எண்ணம். கீழிருந்தும் அதற்குக் குரல்கள் இருந்தன. 1860-இல் லெபனான் மலையிலும் டமாஸ்கஸிலும் மதத்தின் பேரில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, பெய்ரூட்டில் புத்ருஸ் அல்-புஸ்தானி என்ற அரபுக் கிறிஸ்தவர் துண்டறிக்கைகளாக எழுதி அச்சிட்டு விநியோகித்தார். பெயர் போடவில்லை. நாட்டை நேசிப்பவன் என்று மட்டும் கையெழுத்திட்டார். ஒரே நீரைக் குடிக்கிறோம், ஒரே மொழி பேசுகிறோம், மதம் ஆளுக்கும் கடவுளுக்கும் இடையில் இருக்கட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மூன்று ஆண்டுகளில் எல்லா மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஒரு பள்ளியையும் தொடங்கினார்.

இஸ்தான்புல்லில் நாமிக் கெமால் வேறு பக்கத்திலிருந்து வந்தார். அவர் பக்தியுள்ள முஸ்லிம், கவிஞர், பத்திரிகைக்காரர். அமைச்சர்கள் ஐரோப்பாவின் சட்டங்களை எடுத்துவந்து, அவற்றைக் கட்டுப்படுத்தும் மக்கள் மன்றத்தை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பது அவருடைய கோபம். காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிப்பீராக என்ற குர்ஆன் வசனத்தை நாடாளுமன்றத்துக்கு ஆதாரமாக்கினார். கலீஃபாவுக்கு மக்கள் செய்யும் பைஅத் என்ற உறுதிமொழியை, ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் இடையிலான ஒப்பந்தமாகப் படித்தார். பிறந்த ஊரை மட்டுமே குறித்துவந்த ‘வதன்’ என்ற சொல்லுக்குத் தாய்நாடு என்ற பொருள் ஏறியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ‘வதன் அல்லது சிலிஸ்த்ரே’ என்ற அவருடைய நாடகம் 1873-இல் மேடையேறியதும் மக்கள் தெருவில் இறங்கி ஆர்ப்பரித்தார்கள். அரசு அவரை சைப்ரஸ் தீவின் ஃபமகுஸ்தா கோட்டைக்கு அனுப்பியது.

மூன்றாவதாக ஆர்மீனியர்களைச் சொல்ல வேண்டும். தங்கள் சமூகத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கொண்ட ஓர் அமைப்புச் சட்டத்தை அவர்கள் 1863-லேயே பெற்றுவிட்டார்கள். பேரரசு அரசியலமைப்புப் பெறுவதற்கு 13 ஆண்டுகள் முன்பு. அதை எழுதியவர்களில் ஒருவரான கிரிகோர் ஓடியான்தான் பின்னால், பேரரசின் அரசியலமைப்பை முன்னின்று உருவாக்கிய மித்ஹத் பாஷாவின் ஆலோசகரானார்.

1876 டிசம்பர் 23-இல் வெளியான அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு, எந்த மதத்தவரானாலும் எல்லோரும் உதுமானியர் என்றது. 11-ஆம் பிரிவு அரசின் மதம் இஸ்லாம் என்றது. 18-ஆம் பிரிவு அரசு வேலைக்குத் துருக்கி மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றது. ஒரே ஆவணத்துக்குள்ளேயே அக்சுராவின் மூன்று வழிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

சரி, இந்த வழி தோற்றதா? நாடாளுமன்றம் 1877 மார்ச்சில் கூடியது. உறுப்பினர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் முஸ்லிம் அல்லாதவர்கள். அவர்கள் மத வாரியாக அணி பிரிந்து சண்டை போடவில்லை. வரியையும் அதிகாரிகளின் ஊழலையும் பற்றிச் சேர்ந்தே அமைச்சர்களைக் கேள்வி கேட்டார்கள். ரஷ்யாவோடு போர் தோல்வியில் முடிந்து எதிரிப் படை தலைநகரை நெருங்கியபோது, சுல்தான் கூட்டிய ஆலோசனைக் கூட்டத்தில் கைவினைச் சங்கத் தலைவரான ஓர் உறுப்பினர், எங்களிடம் மிகத் தாமதமாகக் கேட்கிறீர்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். மறுநாள், 1878 பிப்ரவரி 14, மன்றம் மூடப்பட்டது. இரண்டு கூட்டத்தொடர்களையும் சேர்த்தால் ஐந்தரை மாதத்துக்கும் குறைவு. அடுத்த 30 ஆண்டுகள் திறக்கவே இல்லை. 1904-இல் அக்சுரா வீண் உழைப்பு என்று சொன்னது இந்த ஐந்தரை மாதத்தைத்தான். நாற்று நட்ட மறுவாரமே வயலை உழுதுவிட்டு, இந்த மண்ணில் நெல் விளையாது என்று தீர்ப்புச் சொல்வதுபோல எனக்குப் படுகிறது.

ஆனால் அக்சுரா சொன்ன தடைகள் பொய்யில்லை. ஆணைகளில் இருந்த சமத்துவத்துக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஜிஸ்யா போனது, அதன் இடத்தில் படைச் சேவைக்குப் பதிலான வரி என்ற பெயரில் இன்னொன்று வந்தது. கிறிஸ்தவர் பணம் கட்டினார், அனத்தோலியாவின் முஸ்லிம் உழவர் மகனைக் கொடுத்தார். இரு தரப்பும் தாங்கள்தான் ஏமாந்தோம் என்று நினைத்தார்கள். வசதியுள்ள கிறிஸ்தவ வணிகர்களுக்கு வெளிநாட்டுத் தூதரகங்களின் பாதுகாப்புச் சீட்டு கிடைத்தது. தூதரின் நிழலில் நிற்பவருக்கு உதுமானியக் குடியுரிமையால் என்ன லாபம்?

கலீஃபாவின் நிழல்

1878-க்குப் பிறகு கணக்கே மாறிவிட்டது. பெர்லின் உடன்படிக்கை செர்பியாவையும் ருமேனியாவையும் மாண்டினீக்ரோவையும் தனி நாடுகளாக்கியது. பல்கேரியா பெயரளவில் மட்டுமே பேரரசோடு மிஞ்சியது. பால்கனிலிருந்தும் காக்கசஸிலிருந்தும் விரட்டப்பட்ட முஸ்லிம் அகதிகள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். மிஞ்சிய நாட்டில் முஸ்லிம்களின் பங்கு கூடியது. இந்த நிலையில் அப்துல் ஹமீது கலீஃபா என்ற பட்டத்தைக் கையில் எடுத்ததைக் குறை சொல்ல முடியாது. அரபுப் பகுதிகளில் பள்ளிகளும் சாலைகளும் வந்தன. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு 1900-இல் தொடங்கிய ஹிஜாஸ் ரயில் பாதை 1908-இல் மதீனாவைத் தொட்டது. அதற்கு உலகெங்கும் முஸ்லிம்கள் நன்கொடை கொடுத்தார்கள். இந்திய முஸ்லிம்களின் பணமும் அந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது. துருக்கியர், அரபியர், குர்துகள், அல்பேனியர்களை ஒன்றாக உட்காரவைக்க இதைவிட இயல்பான பாய் வேறில்லை.

ஆனால் இந்த வழியிலேயே இரண்டு பாதைகள் உண்டு. இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டுவிடுகின்றன. நாமிக் கெமாலுக்கு இஸ்லாம் ஆள்பவரைக் கட்டும் கயிறு. அப்துல் ஹமீதுக்கு அது ஆளப்படுபவரைக் கட்டும் கயிறு. ஒரே வேதம், ஒரே நபிமொழி மரபு. ஒருவர் அதிலிருந்து ஆலோசனை மன்றத்தை எடுத்தார், மற்றவர் கீழ்ப்படிதலை எடுத்தார். இஸ்லாமிய அரசியல் சிந்தனை ஜனநாயகத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பவர்கள் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். அலெப்போவைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் அல்-கவாகிபி, கொடுங்கோன்மை மனிதரின் அறிவையும் மதத்தையும் ஒழுக்கத்தையும் எப்படிக் கெடுக்கிறது என்று ஒரு நூலே எழுதினார். இன்னொரு நூலில், கலீஃபா பதவி நபிகளின் குறைஷிக் குலத்து அரபியர் ஒருவருக்கே உரியது, மக்காவில் இருக்க வேண்டியது என்றார். இஸ்லாத்தை அடித்தளமாக வைத்தால், அந்த அடித்தளத்தில் துருக்கிய சுல்தான் ஏன் நிற்க வேண்டும் என்று ஓர் அரபு முஸ்லிம் கேட்கலாம். கேட்டார். 1914 நவம்பரில் கலீஃபாவின் பெயரால் ஜிஹாத் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மெசபொத்தேமியாவில் இந்திய முஸ்லிம் வீரர்கள் பிரிட்டிஷ் படையில் நின்று உதுமானியப் படையோடு போரிட்டார்கள். 1916 ஜூனில் மக்காவின் ஷரீஃப் ஹுசைனே கலகம் செய்தார்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இந்த வழியில் என்ன இடம்? அப்துல் ஹமீது கிறிஸ்தவ அதிகாரிகளை ஒதுக்கவில்லை. பெர்லின் மாநாட்டில் அவருடைய பேரரசுக்காகப் பேசியவரே கராதியோதோரி பாஷா என்ற கிரேக்கர்தான். ஆனால் திறமையுள்ள ஒருவருக்குக் கிடைக்கும் பதவியால் ஒரு கிராமத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. 1894 முதல் 1896 வரை கிழக்கு அனத்தோலியாவில் ஆர்மீனியர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். அரசின் அடித்தளம் மதம் என்று ஆனபின், வேறு மதத்துக்காரர் விருந்தாளியாகலாம், சந்தேகப் பேர்வழியாகலாம். வீட்டுக்காரராக முடியாது.

துருக்கியர் என்ற அடித்தளம்

இதை அக்சுரா முதன்முதலில் தெளிவாக எழுதியபோது பலருக்குப் புரியவே இல்லை. இஸ்தான்புல்லின் படித்த வர்க்கம் ‘துர்க்’ என்ற சொல்லை அனத்தோலியப் பட்டிக்காட்டானைக் குறிக்கவே பயன்படுத்தியது. பேரரசுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதால்தான் அக்சுராவுக்கு அந்தச் சொல் பெருமையாகத் தெரிந்தது. ரஷ்யாவில் தாத்தாரியர், நடு ஆசியத் துருக்கியர் எல்லோரையும் சேர்த்து அவர் ஒரு பெரிய இனத்தைப் பார்த்தார். இந்த வழிக்கு வெளியே முக்கிய எதிரி ரஷ்யா மட்டுமே என்பது அவருடைய கணக்கு. உள்ளே, துருக்கியரல்லாத முஸ்லிம்கள் கைவிட்டுப் போவார்கள் என்றும் ஒளிக்காமல் எழுதினார்.

இந்தக் கணக்கின் கடைசி வரி என்னவென்று 1912-க்குப் பிறகு தெரிந்தது. பால்கன் போரில் சலோனிக்கா உட்பட ஐரோப்பியப் பகுதி கிட்டத்தட்ட முழுவதும் போனது. தியார்பக்கிரைச் சேர்ந்த ஸியா கோகால்ப், துருக்கியராவது, முஸ்லிமாவது, நவீனமாவது என்று மூன்றையும் பின்னி ஒரு கோட்பாடாக்கினார். அதில் அறிவும் உண்டு, அழகும் உண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் ஆட்சியிலிருந்தவர்கள் செய்ததை அந்தக் கோட்பாட்டிலிருந்து தள்ளிவைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1915-இல் ஆர்மீனியர்கள் வேரோடு அழிக்கப்பட்டார்கள். 1908 நாடாளுமன்றத்தில் உதுமானியச் சமத்துவத்துக்காக வாதாடிய ஆர்மீனிய வழக்கறிஞரும் எழுத்தாளருமான கிரிகோர் ஸோராப், நாடு கடத்தப்படும் வழியில் உர்ஃபாவுக்கு அருகே கொல்லப்பட்டார். ஒரே நாடாக இருப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதரையும் விட்டுவைக்கவில்லை.

நான்காவது

1902 பிப்ரவரியில் பாரிஸில், சுல்தானின் தனியாட்சியை எதிர்த்த இளந்துருக்கியரின் மாநாடு நடந்தது. அங்கே இரண்டு பேர் மோதினார்கள். அஹ்மத் ரிஸா, வலுவான மைய அரசு வேண்டும் என்றார். சுல்தானின் தங்கை மகனான இளவரசர் ஸபாஹத்தீன், மாகாணங்களுக்கு அதிகாரம் கொடுக்காமல் இந்த நாடு நிலைக்காது என்றார். 1906-இல் தனிமனித முயற்சியையும் அதிகாரப் பரவலையும் பெயரிலேயே வைத்து ஒரு சங்கம் தொடங்கினார். அவர் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1876 அரசியலமைப்பின் 108-ஆம் பிரிவிலேயே, மாகாண நிர்வாகம் அதிகாரத்தை விரிவாக்குவதையும் கடமைகளைப் பகிர்வதையும் அடிப்படையாகக் கொள்ளும் என்று இருக்கிறது. அதை நடத்துங்கள் என்றார்.

அக்சுராவின் மூன்று வழிகளும் ‘நாம் யார்?’ என்ற கேள்விக்கான விடைகள். ஸபாஹத்தீன் கேட்டது ‘எதை எங்கே முடிவு செய்வது?’ என்பது. உதுமானியமும் அதிகாரப் பரவலும் சேர்ந்தால், அரபியர் தன் பிள்ளையை அரபியில் படிக்கவைத்துக்கொண்டே உதுமானியராக இருக்கலாம். தன் பெயரை இழந்துதான் பொதுப் பெயரைப் பெற வேண்டும் என்ற நிபந்தனை விலகுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டும் இருந்தது. 1860-இன் படுகொலைகளுக்குப் பிறகு, 1861-இல் லெபனான் மலை தனி நிர்வாகப் பகுதியானது. ஆளுநர் உதுமானியக் குடிமகனான கிறிஸ்தவர், ஆனால் லெபனான்காரர் கிடையாது. முதல் ஆளுநர் தாவூத் பாஷா ஓர் ஆர்மீனியக் கத்தோலிக்கர். ஒவ்வொரு சமயப் பிரிவுக்கும் இடமுள்ள 12 பேர் மன்றம். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட அதே மலை, முதல் உலகப் போர் வரை ஏறத்தாழ அமைதியாக இருந்தது. குறை இல்லாமல் இல்லை. வல்லரசுகளின் கண்காணிப்பில் நடந்த ஏற்பாடு அது. இடங்களைச் சமய வாரியாக ஒதுக்கியதால் அந்தப் பிரிவுகளும் இறுகின.

எதிர்த்தவர்களுக்கும் வலுவான காரணம் இருந்தது. செர்பியா 1830-இல் தன்னாட்சி பெற்றது, 1878-இல் தனி நாடானது. 1878-இல் தன்னாட்சி பெற்ற கிழக்கு ரூமேலியா, 1885-இல் பல்கேரியாவோடு போய்விட்டது. இதையெல்லாம் பார்த்த ஓர் இளம் அதிகாரிக்கு அதிகாரப் பரவல் என்றால் பிரிவினையின் முதல் படி என்றுதான் காதில் விழும். அந்தப் பயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் செர்பியாவும் ரூமேலியாவும் போரிலும் வல்லரசுகளின் அழுத்தத்திலும் பிடுங்கப்பட்ட தன்னாட்சிகள். மைய அரசே நாடாளுமன்றத்தின் வழியாக, எல்லா மாகாணத்துக்கும் பொதுவாகத் தரும் அதிகாரம் என்பது ஒருமுறைகூட நடக்கவில்லை.

நடக்கக்கூடிய நேரம் ஒன்று வந்தது. இளந்துருக்கியரின் புரட்சியால் 1908 ஜூலையில் அரசியலமைப்பு திரும்பியபோது இமாம்களும் பாதிரியார்களும் ரப்பிகளும் தெருவில் கட்டித்தழுவினார்கள். அந்தப் புரட்சியை நடத்திய சங்கத்துக்கு 1889-இல் ராணுவ மருத்துவக் கல்லூரியில் வித்திட்ட மாணவர்களில் இப்ராஹிம் தெமோ அல்பேனியர், அப்துல்லா ஜெவ்தத்தும் இஸ்ஹாக் சுக்கூத்தியும் குர்துகள். துருக்கியருக்கு மட்டுமான சங்கமாக அது தொடங்கவில்லை. அடுத்த ஆண்டு முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் கட்டாயப் படைச் சேவை வந்தது. பால்கன் போரில் கிறிஸ்தவ வீரர்களும் உதுமானியச் சீருடையில் நின்றார்கள். ஆனால் அதே 1909-இல் இனத்தின் பெயரால் சங்கம் வைப்பதற்கும் தடை வந்தது. அல்பேனியர்கள் தங்கள் மொழிக்கு லத்தீன் எழுத்தைத் தேர்ந்தெடுத்ததும் சண்டை மூண்டது. பெரும்பாலும் முஸ்லிம்களான, சுல்தானுக்கு நெடுங்காலம் விசுவாசமாக இருந்த அல்பேனியர்கள் கலகம் செய்து, 1912 நவம்பரில் பிரிந்தார்கள். கலீஃபாவின் நிழலும் அவர்களைப் பிடித்துவைக்கவில்லை. எழுத்தையும் பள்ளியையும் அவர்கள் கையில் விட்டிருந்தால் இருந்திருப்பார்களா என்ற கேள்வி எனக்கு ஓயவில்லை.

1913 ஜூனில் பாரிஸில் கூடிய அரபு மாநாடும் விடுதலை கேட்கவில்லை. மாகாணங்களில் அரபி அலுவல் மொழியாக வேண்டும், அதிகாரம் பரவ வேண்டும் என்றுதான் கேட்டது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து கேட்டார்கள். தலைமை வகித்த அப்துல் ஹமீது அல்-ஸஹ்ராவி, 1908 நாடாளுமன்றத்தில் ஹமாவின் உறுப்பினராக இருந்தவர். 1916 மே 6-இல், சிரியாவை ஆண்ட உதுமானியத் தளபதி ஜெமால் பாஷா அவரை டமாஸ்கஸில் தூக்கிலிட்டார். அரபுக் கலகம் வெடித்தது அதற்கு அடுத்த மாதம்.

நான்கு வீடுகளில்

நான்கு வழிகளையும் நான்கு வீடுகளுக்குள் கொண்டுபோய்ப் பார்க்கலாம். எர்ஸுரூமில் ஓர் ஆர்மீனியக் கடைக்காரர், டமாஸ்கஸில் ஓர் அரபுக் குடும்பம், ஷ்கோதரில் ஓர் அல்பேனிய முஸ்லிம், கொன்யாவில் ஒரு துருக்கிய உழவர். கலீஃபா வழி ஆர்மீனியரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. துருக்கிய வழி உழவரைத் தவிர மற்ற மூவரையும் வெளியே நிறுத்துகிறது. மையத்தில் எல்லாவற்றையும் குவித்த உதுமானியம் நால்வரையும் உள்ளே அழைக்கிறது, ஆனால் மூவரைத் தங்கள் மொழியைத் திண்ணையில் கழற்றிவைக்கச் சொல்கிறது. அதிகாரம் பரவிய உதுமானியத்தில்தான் நால்வரும் இருப்பதுபோலவே உள்ளே வர முடிகிறது.

கொன்யா உழவருக்கு மற்றவர்களைவிட அதிக லாபம் துருக்கிய வழியில்தானே என்று தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. யேமனிலும் அல்பேனியாவிலும் கலகங்களை அடக்கப் போய்த் திரும்பாதவர்களில் பெரும்பாலோர் அவருடைய பிள்ளைகள். பேரரசு அவருடையது என்று சொன்ன ஒவ்வொரு கோட்பாடும் அதைக் காக்கும் சுமையையும் அவர் தோளிலேயே ஏற்றியது. யேமன் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் வீட்டில் ஏர் பிடிக்க ஓர் ஆள் மிஞ்சியிருப்பான்.

எனவே 1904-இல் அந்தக் கட்டுரையைப் படித்த வாசகனாக நான் இருந்திருந்தால், மூன்றில் முதலாவது, 108-ஆம் பிரிவோடு சேர்த்து என்று எழுதி அனுப்பியிருப்பேன். 1909 வரைகூட அதையே சொல்லியிருப்பேன். பால்கன் அகதிகள் இஸ்தான்புல் பள்ளிவாசல்களை நிரப்பிய 1913-இல் அதைச் சொல்வது கடினம். அப்போது அரபு மாகாணங்களுக்கு மட்டுமாவது அதைக் கொடுக்க நேரம் இருந்தது.

1923 ஜனவரி 30-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் துருக்கியும் கிரேக்கமும் மக்களை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. யார் போவது, யார் இருப்பது என்பதற்கு அளவுகோல் மதம் மட்டும். கிரேக்கம் தெரியாத கரமன்லிகள் துருக்கி மொழியில் அழுதுகொண்டே கிரேக்கத்துக்குக் கப்பலேறினார்கள். கிரீட் தீவிலிருந்து வந்து அய்வாலிக் கரையில் இறங்கிய முஸ்லிம்களோ, ஊர்க்காரர்களிடம் வழி கேட்கக்கூடத் துருக்கி மொழி இல்லாமல், கிரேக்கத்தில் கேட்டார்கள்.